மூடாத வாசல்!



லீவு வந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் ஒரே கேள்விதான். “எங்கே போகலாம்? என்ன சாப்பிடலாம்?” அப்பா ஒரு இடம் சொல்வார். அம்மா வேறொரு இடம் சொல்வார். “முட்டுக்காட்டில் தண்ணீரிலேயே மிதக்கும் உணவகம் வந்திருக்கிறது, தெரியுமா?” என்று பக்கத்து வீட்டு அண்ணன் நடுவில் புகுவார். போய்வந்த ஒருவர், “அந்த ஊருக்குப் போனால் இதைச் சாப்பிடாமல் வராதே!” என்று சொல்லிவிட்டால் போதும், நமக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

இப்படி ‘எந்த ஊருக்குப் போனால் என்ன கிடைக்கும்’ என்று சொல்கிற வழிகாட்டி ஒன்றைச் சங்க காலத்திலேயே ஒரு புலவர் எழுதிவிட்டார். அவருடைய ஊர் எது தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிப் போகும்போது, மாமல்லபுரம் தாண்டி சுமார் 50 கி.மீ. தூரத்தில் கடப்பாக்கம் வருமே, அந்த வட்டாரம்தான்!

வாருங்கள், அந்தப் புலவர் காட்டும் வழியில் ஒரு சாப்பாட்டுச் சுற்றுலா போய், கடப்பாக்கத்துக்கே திரும்பி வருவோம்.

யார் அந்த வழிகாட்டி?

கடப்பாக்கம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில், இடைக்கழிநாடு பேரூராட்சியில் இருக்கிறது. ‘கழி’ என்றால் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பு. உப்பங்கழி என்றும் சொல்வோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, இரண்டுக்கும் இடையே ஊர்கள். பெயரைக் கேட்டாலே ஊரின் வரைபடம் கண்ணில் தெரிகிறது இல்லையா?

அந்தப் புலவரின் பெயர் ‘இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்’. நாம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவதுபோல, அவர் தன் நாட்டையும் ஊரையும் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் எழுதிய நூல் ‘சிறுபாணாற்றுப்படை’. பத்துப்பாட்டு என்ற தொகுப்பில் உள்ள பத்து நூல்களில் இதுவும் ஒன்று. மொத்தம் 269 அடிகள். ஓலைச்சுவடியில் இருந்த பத்துப்பாட்டை 1889-ம் ஆண்டு உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தார்.

ஆற்றுப்படை என்றதும் ஆறு, படை, போர் என்று நினைத்துவிடாதீர்கள்! இங்கே ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டி அனுப்பி வைத்தல். ‘சிறுபாணர்’ என்பவர்கள் சிறிய யாழை மீட்டிப் பாடும் கலைஞர்கள். ஊர் ஊராக நடந்து போய்ப் பாடுவார்கள். கிடைப்பதைக் கொண்டு குடும்பம் நடத்துவார்கள்.

ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணர், வழியில் பசியோடு வரும் இன்னொரு பாணரைப் பார்க்கிறார். “இந்த வழியாகப் போ. அங்கே இது கிடைக்கும், இங்கே அது கிடைக்கும்” என்று சொல்லி அனுப்புகிறார். இதுதான் நூலின் கதை.

உப்பில்லாத கீரை

அந்தப் பாணர் ஏன் வழி சொல்கிறார் தெரியுமா? பசி எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சில நாட்களுக்கு முன்பு வரை அவர் வீடு எப்படி இருந்தது என்று அவரே சொல்கிறார். சமையல் அறையின் கூரை சரிந்து கிடக்கிறது. அங்கே கரையான் அரித்த பழைய சுவரில் காளான் முளைத்திருக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று அதே இடத்தில் படுத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலுக்கு முட்டுகின்றன. தாய்க்கே சாப்பாடு இல்லை. பால் எங்கிருந்து வரும்? வலி தாங்காமல் குரைக்கிறது.

வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறார். போடுவதற்கு உப்புகூட இல்லை. அந்தக் கீரையைத்தான் குடும்பமே சேர்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடும் முன் அவர் ஒரு காரியம் செய்கிறார். எழுந்துபோய்க் கதவை மூடுகிறார். யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு வெட்கம்.

குட்டீஸ், இந்த மூடிய கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம்: சுட்ட மீன்

பாணர் சொல்லும் முதல் இடம் கடற்கரையில் உள்ள ஒரு பட்டினம். பெயரை நேராகச் சொல்லாமல், மதிலின் பெயர் கொண்ட ஊர் என்று விடுகதை போடுகிறார். மதிலுக்கு இன்னொரு பெயர் எயில். அப்படியானால் ஊர் எயிற்பட்டினம்! கடப்பாக்கத்துக்குத் தெற்கே உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் இருக்கிறதே, அதுதான் எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

அங்கே கடல் அலை வாசனை மரக்கட்டைகளைக் கொண்டுவந்து கரையில் போட்டிருக்கும். அவை ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலத் தெரியுமாம்! அதுதான் அடுப்புக்கு விறகு. மீனவர் வீடுகளில் குழல் என்ற மீனின் கருவாட்டைச் சுட்டுத் தருவார்கள். ஒரு வீட்டில் மட்டும் அல்ல, போகிற வீட்டில் எல்லாம் கிடைக்குமாம். பெரியவர்களுக்குக் கள்ளும் கொடுப்பார்கள் என்கிறது நூல். நமக்கு நுங்கும் இளநீரும் போதும்!

இரண்டாவது நிறுத்தம்: புளிச்சோறு

அடுத்து வேலூர். கோட்டை இருக்கும் வேலூர் அல்ல, இது வேறு. மரக்காணம் பக்கத்தில் உள்ள உப்புவேலூர்தான் இது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. இங்கே வேட்டையாடி வாழும் எயினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் புளி சேர்த்துச் சமைத்த சுடுசோறும், நெருப்பில் சுட்ட இறைச்சியும் கிடைக்கும்.

புளிச்சோறு என்றதும் நம் வீட்டுக் கட்டுச்சோறு நினைவுக்கு வருகிறதா? பயணத்துக்கும் புளிக்கும் எவ்வளவு பழைய நட்பு, பாருங்கள்!

மூன்றாவது நிறுத்தம்: நண்டு

அதற்கு அடுத்து ஆமூர். இது வயல்வெளி சூழ்ந்த உழவர் ஊர். இரும்புப் பூண் போட்ட உலக்கையால் அரிசியைக் குத்துவார்கள். எவ்வளவு குத்துவார்கள் என்றால், அந்த இரும்பே தேய்ந்துவிடுமாம்! அப்படித் தீட்டிய அரிசியில் வெள்ளைவெளேர் என்று சோறு. தொட்டுக்கொள்ள நண்டுக் கலவை. நண்டோடு பீர்க்கங்காய் சேர்த்தது என்று பழைய உரை விளக்கம் தருகிறது.

நீங்கள் ‘நேரமாச்சு’ என்று கிளம்பினாலும் விடமாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி, முறை சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். விருந்தாளியை மடக்கும் வேலை அந்தக் காலத்திலும் குட்டீஸ் கையில்தான்!

மூன்று ஊர், மூன்று சாப்பாடு. கடற்கரையில் மீன், வேட்டுவர் ஊரில் இறைச்சி, வயல் ஊரில் அரிசியும் நண்டும். அந்தந்த மண்ணில், அந்தந்தத் தண்ணீரில் கிடைத்ததையே வைத்து உபசரித்தார்கள். இவர்கள் யாரும் ராஜா இல்லை. மீன் பிடிப்பவர், வேட்டையாடுபவர், உழுபவர். காசு கேட்டதாக நூலில் எங்கும் இல்லை.

மூடாத வாசல்

கடைசியாகப் பாணர் போய்ச் சேரும் இடம் கிடங்கில். இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி இது. ஓய்மா நாட்டின் தலைவன் நல்லியக்கோடன் இருந்த ஊர்.

அவன் வீட்டு வாசல் எப்படிப்பட்டது தெரியுமா? கூத்துக் கலைஞர்கள் வந்தாலும், புலவர்கள் வந்தாலும், வேதம் ஓதுபவர்கள் வந்தாலும் அது அடைக்கப்படாது. வெட்கத்தோடு மூடிய கதவு நினைவிருக்கிறதா? அந்தக் கதவுக்குள் இருந்த மனிதரைத்தான் இந்த வாசல் வரவேற்றது.

உள்ளே என்ன நடக்கும்? முதலில் உடுத்திக்கொள்ளப் புதுத் துணி. அடுத்துப் பொன் கலத்தில் விதவிதமான சாப்பாடு. பீமன் எழுதிய சமையல் நூலில் உள்ளபடி, ஒன்றும் தவறாமல் செய்ததாம். மகாபாரத பீமன் சாப்பாட்டில் மட்டுமா கெட்டிக்காரன்? சமைப்பதிலும்தான்! சிறந்த சமையலை ‘நளபாகம், பீமபாகம்’ என்று இன்றும் சொல்கிறோமே.

இதில் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நல்லியக்கோடன் வேலையாட்களிடம் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. விருந்தாளிக்குப் பக்கத்தில் தானே நின்று, கவனித்துப் பரிமாறினான்.

வாசல் திறந்தே இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று பசித்தவருக்குத் தெரிய வேண்டுமே! அதைத்தான் அந்தப் பாணர் செய்தார். தனக்குக் கிடைத்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எதிரே வந்தவருக்குச் சொன்னார்.

இன்று கடப்பாக்கத்தில்...

சரி, சங்க காலத்திலிருந்து நம் காலத்துக்கு வருவோம். இப்போது கடப்பாக்கம் பக்கம் போனால் என்னென்ன இருக்கின்றன?

ஆலம்பரைக் கோட்டை: கழிமுகத்தின் கரையில் நிற்கும் செங்கல் கோட்டை. 18-ம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலிகானின் ஆட்சியில் இருந்தது. சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறின. நாணயம் அச்சடிக்கும் சாலையும் இருந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். மிச்சம் இருந்ததை 2004 டிசம்பர் 26 சுனாமியும் தாக்கியது. அத்தனையும் தாங்கி இன்னும் நிற்கிற சுவர்களில் நம் பெயரைக் கிறுக்கி வைக்கலாமா? கூடவே கூடாது!

படகுச் சவாரி: கோட்டைக்குப் பக்கத்திலேயே மீனவர்களின் படகுகள் இருக்கும். பேசிக்கொண்டு கழியில் ஒரு சுற்று போய்வரலாம். மாமல்லபுரத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் நடுவே முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. பெயர் என்ன தெரியுமா? மழைத்துளி! இங்கிருந்து படகில் கழியைக் கடந்து, மறுகரையில் உள்ள கடற்கரைக்குப் போகலாம்.

சாப்பிட: நத்தத்தனார் சொன்ன மீனும் நண்டும் இந்தக் கடலும் கழியும் இன்றும் தருபவைதான். கோடையில் போனால் சாலை ஓரத்தில் நுங்கு, இளநீர், குவியல் குவியலாகத் தர்பூசணி. மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்தில் தர்பூசணி நிறைய விளைகிறது. மூன்று ஊர் கணக்கு இங்கும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள். எந்த ஊருக்குப் போனாலும், “இங்கே என்ன விளைகிறது? என்ன பிடிபடுகிறது?” என்று கேளுங்கள். அதையே வாங்கிச் சாப்பிடுங்கள். பிடித்தவருக்கும் விளைவித்தவருக்கும் பணம் போகும். உங்களுக்கும் புதிதாகக் கிடைக்கும்.

கிளம்பும் முன்...

* படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ‘எனக்கு நீச்சல் தெரியுமே’ என்ற பேச்சே வேண்டாம்.
* கழி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும். அடியில் இழுப்பு அதிகம். அங்கே இறங்கவே இறங்காதீர்கள்.
* தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மஞ்சப்பை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.
* கழியில் மீன் தேடும் கொக்கு, நாரைகளைத் தூரத்திலிருந்தே பாருங்கள். கல் எறியாதீர்கள். அவற்றுக்கு அது சாப்பாட்டு நேரம்!

நீங்களும் எழுதலாம் ஆற்றுப்படை!

இந்த லீவில் எங்கே போய்வந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அரைப் பக்கம் போதும். எந்த வழியாகப் போனீர்கள்? வழியில் என்ன பார்த்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? உங்களை அன்பாகக் கவனித்தவர் யார்? எதில் கவனமாக இருக்க வேண்டும்? இந்த ஐந்தையும் எழுதி, அங்கே போகாத ஒரு நண்பரிடம் கொடுங்கள்.

வெளியூர் போகவில்லையா? பரவாயில்லை. பள்ளி திறந்ததும் உங்கள் வகுப்பில் புதிதாக ஒருவர் வந்து சேர்வார். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், சத்துணவுக் கூடம் எந்தப் பக்கம், எந்த மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடுவீர்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

முதல் நாள் அவர் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்தபடி தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம். அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காதீர்கள். “வாங்க, எங்களோட சாப்பிடலாம்” என்று கூப்பிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்!