தயிரும் மாதவிடாய் ஓய்வும்

மாதவிடாய் ஓய்ந்த பின்னர்ச் சிறுநீர் கழிக்கையில் எரிவு அடிக்கடி உண்டாவதாகத் தாய்மார் பலர் கூறுவர். நாணத்தினால் மறைப்போரும் உளர். இதன் காரணம் யாதெனப் பார்ப்போம்.

பெண்ணுறுப்பினுள்ளே நன்மை பயக்கும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. ஜேர்மன் வைத்தியர் அல்பேர்ட் டோடர்லைன் 1892ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார். ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் அவ்வுறுப்பின் உட்சுவரிற் கிளைக்கோசன் என்னும் மாப்பொருளைச் சேர்த்து வைக்கின்றது. அதிலிருந்து பற்றீரியாக்கள் இலத்திக்கமிலத்தை ஆக்குகின்றன. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வேலி அவ்வமிலமே. ஓமோன் குறையவே மாப்பொருளும் அமிலமும் குறைகின்றன. கிருமிகள் சிறுநீர்ப்பாதையை எளிதில் அடைகின்றன.

அவ்வாறாயின், தயிர் உண்டால் வேலி மீளுமோ? பாலைத் தயிராக்கும் பற்றீரியாக்களிற் சில இவற்றின் இனத்தவையே. எனினும் வகை வேறு. தயிர் எலும்புக்குக் கல்சியம் அளிக்கும் நல்லுணவு; ஆயின் இந்நோய்க்கு மருந்தென நிறுவப்படவில்லை. புரோபயோட்டிக் மாத்திரைகள் பற்றிய ஆய்வுகளும் ஒருமித்த முடிவைத் தரவில்லை. உறுப்பில் இடப்படும் சிற்றளவு ஈஸ்திரோஜன் களிம்போ பயன் தருவது. 1993ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மருந்தில்லாக் களிம்பு இட்டோருக்கு ஆண்டொன்றிற் சராசரி 5.9 முறை வந்த தொற்று, மருந்திட்டோருக்கு 0.5 முறையே வந்தது. இதனை வைத்தியரின் பணிப்பின் பேரிலேயே பயன்படுத்தல் வேண்டும்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் சிறிதளவு உதிரம் தோன்றினாலும், நாணாது உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.