வீடும் கூடவே வருகிறது!

1960-ம் வருஷம் செப்டம்பர் மாதம். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு பிக்-அப் வண்டியில் ஏறித் தம் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். துணைக்கு வந்தது சார்லி என்ற நாய் ஒன்றுதான். வண்டியின் பின்தட்டில் கப்பல் அறையைப் போன்ற ஒரு சிறு வீடு. அதற்குள் கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் இருந்தன. டான் குவிக்ஸாட்டின் குதிரையை நினைத்துக்கொண்டு, வண்டிக்கு 'ரோஸினான்டி' என்று பெயரும் சூட்டினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று அவர் ஏற்றிய சாமான்கள் கொஞ்சநஞ்சமல்ல. புஸ்தகங்கள் மட்டுமே 150 ராத்தல்! ஓரிகன் ராஜ்யத்தில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, பின் டயர் வெடித்தது. தேவைக்கு மேல் சாமான்களை எடுத்துக்கொண்டதை 1962-ல் வெளியான பிரயாண நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். அதே வருஷம் நோபல் பரிசு பெற்றவருக்கே சுமைக் கணக்கு தவறியதென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

வயல் வண்டி, வாசஸ்தலமாயிற்று

1925-ல் ஃபோர்டு கம்பெனி, தொழிற்சாலையிலேயே பின்தட்டுப் பொருத்திய பிக்-அப்பை 281 டாலருக்கு விற்றது. அன்று விவசாயியும் கடைக்காரரும் மூட்டை ஏற்ற அதை வாங்கினார்கள். இன்றோ அமெரிக்கக் குடும்பஸ்தர் அதன் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டை மாட்டிக்கொண்டு, மனைவி மக்களுடன் தேசியப் பூங்காக்களைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். ஹோட்டலில் அறை தேட வேண்டாம். சமையலும் படுக்கையும் கூடவே வருகின்றன. கேட்கவே சுகமாக இருக்கிறது, அல்லவா?

ஆனால் எந்த வண்டியை வாங்குவது? அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று அங்கே மூன்று ரகம் சொல்வார்கள். அவை அந்தக் காலத்துச் சுமை அளவை வைத்து வந்த பெயர்கள். இன்றைய வண்டிகள் அதற்கு மேலேயே சுமக்கும். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கதவோரத்துச் சீட்டு

"இந்த வண்டி 4,500 கிலோ இழுக்கும்" என்று விளம்பரம் முழங்கும். அது பொய்யல்ல. ஆனால் டிரைவரும் இன்னொருவரும் மட்டும் இருக்கும் வண்டிக்குப் போட்ட கணக்கு அது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வேறொன்று. டிரைவரின் கதவைத் திறந்தால், தூணில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை எடைக்கு மேல் போகக் கூடாது என்று அது சொல்கிறது. ஒரே மாடலிலும் இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். சொகுசு ஆசனம், கண்ணாடிக் கூரை என்று கூட்டக் கூட்டச் சுமக்கும் சக்தி குறையும்.

அமெரிக்கர்கள் இன்னும் ராத்தலை விடவில்லை. நாம் கிலோவிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அரை டன் வண்டியின் சீட்டில் 700 கிலோ என்றிருக்கிறது. டிரெய்லரின் எடை 2,700 கிலோ. விளம்பரம் சொன்னதில் பாதிக்குச் சற்றே அதிகம். ஆகவே கவலையில்லை என்று தோன்றும். ஆனால் டிரெய்லர் தன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை வண்டியின் கொக்கிமேல் இறக்கி வைக்கிறது. இங்கே அது சுமார் 340 கிலோ. குடும்பத்தார் நால்வர், 280. பின்தட்டின் மேல்மூடி, 90. கொக்கிச் சாதனங்கள், 40. விறகு, கருவிகள், தின்பண்டங்கள், 100. கூட்டினால் 850! இழுக்கும் சக்தி இருந்தும் சுமக்கும் சக்தி போதவில்லை. பின் அச்சு அமிழ, முன் சக்கரங்களின் பிடி தளரும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

அதற்காகக் கொக்கிப் பாரத்தை மிகவும் குறைப்பதும் ஆபத்து. டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் வளைந்தாடி, வண்டியையே புரட்டிவிடக்கூடும். ஒன்று முக்கால் டன் வண்டி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிய டிரெய்லரோடு திருப்திப்பட வேண்டும். பின்தட்டிலேயே வீட்டை ஏற்றிக்கொள்கிறவர்களுக்கோ, பெரும்பாலும் முக்கால் டன்னுக்குக் குறைந்த வண்டி உதவாது.

என்னென்ன பூட்ட வேண்டும்?

பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கும் விசேஷக் கொக்கி ஒன்று உண்டு. அது வண்டியை நிமிர்த்தும். ஆனால் சீட்டிலுள்ள எண்ணை உயர்த்தாது. அடுத்து, டிரெய்லரின் மின்சார பிரேக்கை டிரைவரின் கைக்குள் கொண்டுவரும் கட்டுப்பாட்டுப் பெட்டி. கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் தடுக்கக் குறுக்காக மாட்டும் இரண்டு சங்கிலிகள். பின்னால் வருகிறவர்களைக் காட்ட அகன்ற கண்ணாடிகள்.

தண்ணீரையும் மறக்கலாகாது. லிட்டருக்கு ஒரு கிலோ வீதம், 150 லிட்டர் தொட்டி இரண்டு ஆட்களுக்குச் சமம். முகாமில் தண்ணீர் கிடைக்குமானால் போய் நிரப்பிக்கொள்வதே புத்திசாலித்தனம். கனமான சாமான்களை டிரெய்லரின் வால்பக்கத்தில் அடுக்கக் கூடாது. எல்லாம் ஏற்றிய பிறகு, நெடுஞ்சாலையோர லாரி நிலையத்தில் சிறு கட்டணம் கொடுத்து எடைமேடையில் நிறுத்தினால், ஊகத்துக்கு இடமே இல்லை.

ஏற்றமல்ல, இறக்கமே பரீட்சை

காலராடோ ராஜ்யத்தில் ராக்கி மலையைக் கடக்கும் 70-ம் எண் நெடுஞ்சாலை 11,000 அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் சக்தி போதாவிட்டால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே சரளை கொட்டிய மேட்டுப் பாதைகள் இருக்கின்றன. உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்குகிறவரே அனுபவசாலி.

முகாம் சேர்ந்த பின்னும் ஓர் எச்சரிக்கை. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, உள்ளே கேஸ் அடுப்பை எரிய விட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். அதை மோப்பம் பிடித்து அலறும் சிறு கருவி, பூட்ட வேண்டிய சாமான்களில் மலிவானது, உயிர் காப்பது.

ஸ்டீன்பெக்கின் ரோஸினான்டியை இன்றும் பார்க்கலாம். கலிபோர்னியாவில் அவர் பிறந்த ஸாலினாஸ் நகரத்தில், அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் அது ஓய்வாக நிற்கிறது. பிரயாணத்தில் வீட்டைக் கூடவே அழைத்துச் செல்லலாம், தவறில்லை. வீட்டிலுள்ள அத்தனை சாமான்களையும் அழைத்துச் செல்வதுதான் தவறு!