கைமாறிய பொருள்கள் (9): ஸ்பெயின் துவக்கும் ஒரு தாள் பத்திரமும்

வன்னியில் ஒரு காலத்தில் துவக்கு என்பது காணி, மாடு, வண்டில் என்ற வரிசையில் வைத்து எண்ணப்பட்ட சொத்து. ஒரு பக்கம் குளமும் வயலும், மறுபக்கம் காடுமாகக் கிடக்கும், மன்னார் மாவட்டத்துப் பெரியமடு போன்ற ஊர்களில் அது இல்லாமல் விளைச்சலை வீடு கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாடு. கதிர் முற்றும் நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே இரவில் வயலை உழுதுபோட்டுவிடும். பரணில் காவலிருந்த பலரிடம் இருந்தது, வாய்ப்பக்கமாக மருந்தை இடித்துச் சன்னம் போடும் இடியன் துவக்கு. கொஞ்சம் வசதியானவரிடம் ஒற்றைக்குழல் சொட்கன் இருக்கும். இரட்டைக்குழல் வைத்திருந்தவர் ஊரில் பெயர் சொல்லும் ஆள்.

அப்படி ஒரு இரட்டைக்குழல் வாப்பாவிடமிருந்தோ அப்புவிடமிருந்தோ பிள்ளை கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழலில் ‘மேட் இன் ஸ்பெயின்’ என்று வெட்டியிருக்கிறது. இது யார் செய்தது, என்ன பெறுமதி? பாதி விடை இரும்பில் இருக்கிறது. மற்றப் பாதி, பலர் அலுமாரியில் தேடாமலே விட்டுவிடுகிற ஒரு தாளில் இருக்கிறது.

முதலில் இரும்பு. ஸ்பெயின் இரட்டைக்குழல் என்றால் அது பெரும்பாலும் எய்பார் என்ற ஊரில், அல்லது அதை அடுத்த ஊர்களில் பிறந்தது. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில், மலை இடுக்கில் இருக்கும் சிறு பட்டணம் அது. தலைமுறை தலைமுறையாக அங்கே வீட்டுக்கு வீடு பட்டறை. ஒருவர் குழல் கடைவார், ஒருவர் சோங்கு செதுக்குவார், இன்னொருவர் தகட்டில் பூவேலை வெட்டுவார். ஆங்கிலத் துவக்கு வாங்க முடியாத உலகத்து விவசாயிக்கும் வேட்டைக்காரனுக்கும், பார்வைக்கு அதே அழகோடு மலிவாகக் கொடுத்தது இந்த ஊர்தான். 1937 ஏப்ரலில், குவேர்னிகா மீது குண்டு விழுவதற்குச் சற்று முன், எய்பாரும் குண்டுவீச்சில் எரிந்தது. போர் முடிந்து திரும்பிய கைகள் மீண்டும் துவக்குச் செய்தன.

பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் பெரிதாக ‘அசெரோ’ என்று தொடங்கும் எழுத்தைப் பார்த்ததும் அதுதான் கொம்பனி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது குழலின் உருக்கு வகையைச் சொல்வது. செய்தவர் பெயர் அல்ல. சில துவக்குகளில் இறக்குமதி செய்த கடையின் பெயர் மட்டுமே இருக்கும். செய்தவர் பெயர் அல்லது குறி பெரும்பாலும் கீழே, கண்ணுக்கு மறைவாக இருக்கும். அங்கே விக்டர் சரஸ்கேட்டா, உகார்டெச்சேயா, அல்லது 1915 இல் தொடங்கிய அகிர்ரே–அரன்சபால் (சுருக்கமாக ஏ.வை.ஏ.) என்று ஏதாவது தென்பட்டால் தடம் பிடித்தாயிற்று. ஒன்றுமே இல்லாமலும் போகலாம். எய்பாரின் சிறு பட்டறைகள் பல, பெயர் வெட்டாமலே விற்றன.

பெயர் இல்லாவிட்டாலும் வயது சொல்லும் முத்திரை அநேகமாக இருக்கும். துவக்கை மடித்து, இரு குழலும் வெறுமை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுக்க வேண்டும். குழலடியில் தட்டையான பகுதியில் எய்பார் சோதனைச் சாலையின் முத்திரைகள் வரிசையாக இருக்கும். விற்பனைக்குப் போகுமுன் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கூடிய அழுத்தத்தில் வெடிக்கவைத்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் அங்கே முத்திரை குத்தினார்கள். அவற்றோடு ஓர் ஆண்டெழுத்தும் உண்டு. 1927 இல் ‘ஏ’யில் தொடங்கிய வரிசை ஸ்பானிய அகரவரிசைப்படி நகர்ந்து, 1955 இல் ‘ஏ1’ என்று மறுபடி தொடங்கியது. ஆகவே எழுத்தோடு 1 என்ற எண் சேர்ந்திருந்தால் துவக்கு 1955க்கு முந்தியதல்ல. “தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கினார்” என்ற குடும்பக் கதையை இந்த ஓர் எழுத்து உறுதிசெய்யும், இல்லாவிட்டால் திருத்தும்.

அதே இடத்தில் வேறு எண்களும் இருக்கும். 12 என்பது குழலின் அளவு: ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 சம உருண்டை பிடித்தால், அதில் ஒன்று அடங்கும் குழல். பக்கத்தில் 65 அல்லது 70 இருந்தால் அதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் எண். அது தோட்டா அமரும் அறையின் நீளம், மில்லிமீற்றரில். 65 என்று குறித்த துவக்கில் இன்றைய 70 தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆனால் வெடிக்கும்போது மடல் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும். பழைய குழல், துருவில் மெலிந்த சுவர், கூடிய அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் போவது பிடித்தவரின் இடது கை.

பெறுமதியை முடிவுசெய்யும் அடுத்த விடயம் உள்பொறி. பெரும்பான்மையான எய்பார்த் துவக்குகள் 1875 இல் பர்மிங்காமில் அன்சனும் டீலியும் கண்ட பெட்டிப்பொறியில் அமைந்தவை. எளிமையும் உறுதியும் உள்ளவை, மலிவானவை. சில, ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் பாணியில் பக்கத் தகட்டில் பொறியைப் பதித்தவை. பிரிட்டனின் பழம்பொருள் சந்தையில் சாதாரணப் பெட்டிப்பொறி எய்பார்த் துவக்கு சில நூறு பவுணைத் தாண்டுவது அரிது. ஏ.வை.ஏ.யின் முதலாம், இரண்டாம் இலக்கப் பக்கத்தகட்டுத் துவக்குகள் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரங்களுக்குப் போகும். ‘நல்ல நிலை’ என்பது குழலுக்குள்ளே குழி விழாமை, நெளிவில்லாமை, மூடியபின் ஆட்டினால் கீல் ஆடாமை. மன்னாரின் உப்புக்காற்றில் எண்ணெய் காணாமல் கிடந்த குழலில் இதை எதிர்பார்ப்பது கடினம்.

இனி அந்தத் தாள்: துவக்கின் அனுமதிப்பத்திரம். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, குடும்பத்துக்குரியதல்ல. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரியவர் மௌத்தானால் காணி உறுதிபோலத் துவக்கு பிள்ளை பெயருக்குத் தானாக மாறாது. பிள்ளை தனியே விண்ணப்பிக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள இலக்கமும், குழலிலும் உடலிலும் முன்கட்டையிலும் வெட்டிய இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அது பொருந்தாவிட்டால் லண்டனில் ஆயிரம் பவுண் பெறும் துவக்குக்கும் இங்கே பெறுமதி பூச்சியம், வைத்திருப்பவருக்கு வழக்கு.

இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. ஏனென்றால் பெரியமடுவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் துவக்கையும் பத்திரத்தையும் ஒன்றாகக் காப்பாற்றி வைக்க யாருக்கு முடிந்தது? 1980களில் ஆயுத இயக்கங்கள் வீடு வீடாகப் போய் அனுமதி பெற்ற சொட்கன்களை எடுத்தன. சிலர் தாமே பொலிஸில் ஒப்படைத்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, புத்தளம் நோக்கிப் போனவர்கள் உறுதியையும் நகையையும்கூட விட்டுப்போனார்கள். துவக்குப் பத்திரத்தை யார் தேடியிருப்பார்? 2008 இல் இந்தப் பகுதி போர்க்களமாகித் தமிழ்க் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. பத்திரம் மிஞ்சித் துவக்கு போன வீடும், துவக்கு மிஞ்சிப் பத்திரம் போன வீடும் இருக்கலாம். பத்திரம் போனவர் குற்றவாளி அல்ல என்பதை அலுவலகக் கதிரையில் இருப்பவர்கள் முதலில் ஏற்க வேண்டும். பயந்து புதைப்பதைவிட, வந்து சொல்வதை இலகுவாக்குவதே ஊருக்குப் பாதுகாப்பு.

வீடு திருத்தும்போதோ காணி துப்புரவாக்கும்போதோ பழைய துவக்கொன்று கண்ணில் பட்டால் அதைத் தேய்க்காதீர்கள். முத்திரையும் இலக்கமும் தேய்ந்தால் அதன் வரலாறும் உங்கள் சான்றும் ஒன்றாகப் போகும். வெடித்துப் பார்க்கவே வேண்டாம். தொடாமல் கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். பத்திரத்தோடு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே குழலடி இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, இரண்டையும் படமெடுத்துப் பிள்ளைகளிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.