சூரத்தில் பறந்த செருப்பு

"ஏன் அண்ணாச்சி, எதிர்க்கட்சிக்காரனைக்கூட இப்படித் திட்ட மாட்டாங்க. சொந்தக் கட்சிக்குள்ள அடுத்த கோஷ்டிக்காரனைத்தான் வாய் கூசாமத் திட்டுறாங்க. இது என்ன கணக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். இடம் புதுக்கோட்டை. மாவட்டத் தலைநகரம் இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கும் நம்ம புதுக்கோட்டை. அவர் கட்சியில் ஒரு பதவிக்கு இரண்டு பேர் மோதுகிறார்கள். போன மாதம் வரை 'அண்ணன்' என்று போஸ்டர் ஒட்டியவரையே இப்போது வாட்ஸ்அப்பில் 'துரோகி' என்கிறார்கள்.

டீ வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன். முதலில் ஒன்று: இது செல்போன் கொண்டுவந்த நோய் இல்லை. நம்ம வ.உ.சி. நேரில் இருந்த ஒரு கூட்டத்தில் 1907இலேயே இது நடந்திருக்கிறது.

அந்த டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் மாநாடு. கட்சிக்குள் இரண்டு அணிகள். கோகலே, பிரோஸ்ஷா மேத்தா பக்கம் மிதவாதிகள். திலகர் பக்கம் 'புதிய கட்சி' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட தீவிர தேசியவாதிகள். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906இல் தொடங்கியிருந்த வ.உ.சி.யும், சென்னையில் 'இந்தியா' வார இதழை நடத்திய பாரதியும் திலகர் பக்கம் சூரத்துக்குப் போனவர்கள்.

சண்டை யார் தலைவர் என்பதில் ஆரம்பித்தது. மாநாடு முதலில் நாகபுரியில் நடப்பதாக இருந்தது. அங்கே திலகர் ஆட்களின் கை ஓங்கிவிடும் என்று சூரத்துக்கு மாற்றினார்கள். சூரத் அன்றைய பம்பாய் மாகாணத்தில் இருந்தது. மாநாடு நடக்கும் மாகாணத்துக்காரர் தலைவராவது வழக்கமில்லை என்பதால் திலகருக்கு வழி அடைபட்டது. மிதவாதிகள் ராஷ் பிகாரி கோஷை நிறுத்தினார்கள். எதிரணி விரும்பிய லாலா லஜபதி ராய் போட்டிக்கு வர மறுத்துவிட்டார்.

இதற்கு மேல் ஒரு வதந்தி. முந்தைய ஆண்டு கல்கத்தாவில் நிறைவேறிய சுயராஜ்யம், சுதேசி, அந்நியப் பொருள் பகிஷ்காரம், தேசியக் கல்வி ஆகிய நான்கு தீர்மானங்களையும் மிதவாதிகள் நீர்க்கச் செய்யப் போகிறார்கள் என்று பேச்சு. வரைவுத் தீர்மானங்கள் நேரத்துக்குக் கைக்கு வராததால் சந்தேகம் முற்றியது. டிசம்பர் 27 அன்று பேச அனுமதி கேட்டு மேடை ஏறிய திலகர், இறங்க மறுத்து நின்றார். எங்கிருந்தோ ஒரு மராட்டியச் செருப்பு பறந்து வந்து மிதவாதத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜியின் மேல் பட்டு, மேத்தா மேலும் விழுந்தது. நாற்காலிகள் பறந்தன. போலீஸ் வந்து பந்தலைக் காலி செய்தது. பிறகு இரு தரப்பும் தனித்தனி அறிக்கை விட்டு ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள்.

"படிச்ச பெரிய மனுஷங்களா இப்படி?" என்றார் தம்பி. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது: ஒரே கருத்துள்ளவர்கள் மட்டும் கூடிப் பேசினால் கருத்து நடுவுக்கு வராது, இன்னும் ஓரத்துக்குப் போகும். பாரிஸ் மாணவர்களை வைத்து மாஸ்கோவிச்சி, சவல்லோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1969இல் இதைக் காட்டினார்கள். 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தாராளவாத ஊர்க்காரர்களைத் தனியாகவும் பழமைவாத ஊர்க்காரர்களைத் தனியாகவும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்து எழுந்தபோது இரு பக்கமும் வந்ததைவிடக் கடுமையாகிப் போயிருந்தது. ஏன்? ஒரு பக்க நியாயம் மட்டுமே காதில் விழுகிறது. மற்றவரைவிடத் தான் ஒரு படி அதிக விசுவாசி என்று காட்ட ஒவ்வொருவருக்கும் ஆசை. சந்தேகம் உள்ளவர் 'நமக்கேன் வம்பு' என்று வாயை மூடிக்கொள்கிறார். அவர் மௌனத்தைப் பார்த்து எல்லோரும் ஒத்துக்கொண்டதாக மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது: கட்சிக்கும் கட்சிக்கும் என்றால் கொடி வேறு, சின்னம் வேறு, கொள்கை வேறு. உள்ளுக்குள் எல்லாம் ஒன்றே. கொள்கையை வைத்து ஆளைப் பிரிக்க முடியாதபோது குணத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் 'அவர் சொல்வது தவறு' என்று யாரும் நிறுத்துவதில்லை. 'விலை போய்விட்டார்' என்கிறார்கள்.

மூன்றாவது: ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊதுகுழல். 1907இல் பத்திரிகைகள் அந்த வேலையைச் செய்தன. பாரதியின் 'இந்தியா' கருத்துப்படம் போட்டு மிதவாதிகளைக் கிழித்தது. மிதவாத ஏடுகளும் சும்மா இருக்கவில்லை. தன் பக்கத்து ஏட்டை மட்டும் படித்தவனுக்கு எதிர்ப்பக்கத்தில் மனிதர்களே இல்லை, வெறும் கேலிச்சித்திரம்தான்.

ஆனால் அதே 1907இல் வேறொன்றும் நடந்தது. சென்னையில் மிதவாதிகளின் பெரிய தலை வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். பாரதிக்கு அரசியலில் நேர் எதிர். பாரதி பாடக் கேட்டு உருகிய அவர், தேசியப் பாடல்கள் சிலவற்றைத் தன் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகப் பரப்பினார். பத்திரிகை வழியாக மட்டும் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. நேரில் உட்கார்ந்து கேட்டதால் நடந்தது.

சூரத் சண்டையில் யாருக்கு லாபம்? வெள்ளைக்காரனுக்கு. 1908 ஏப்ரலில் அலகாபாத்தில் கூடிய மிதவாதிகள் புதிய சட்டதிட்டம் வகுத்து, எதிரணி உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்தினார்கள். அதற்கு முன்பே மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதாகிவிட்டார். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதே மாதம் திலகருக்கு ஆறு ஆண்டு, மாண்டலே சிறை. பாரதி புதுச்சேரிக்குப் போனார். அதே 1908 டிசம்பரில் சென்னையிலேயே காங்கிரஸ் மாநாடு நடந்தது. தலைவர் அதே ராஷ் பிகாரி கோஷ். வ.உ.சி. அப்போது கோவைச் சிறையில் இருந்தார். இரு அணிகளும் மறுபடி ஒன்றாக உட்கார 1916 லக்னோ மாநாடு வரை, ஒன்பது ஆண்டு ஆனது. சுதேசிக் கப்பல் கம்பெனி அதற்குள் மூடப்பட்டுவிட்டது.

"அது பழைய கதை" என்றார் தம்பி. சரி, கிட்டத்துக் கதைக்கு வருவோம். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்ததும் அதிமுக இரண்டானது. சட்டமன்றத்துக்குள்ளேயே அடிதடி, போலீஸ் உள்ளே நுழைந்தது, ஆட்சி கலைந்தது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்தில் 27 இடம்; ஜானகி அணி இரட்டைப் புறாவில் 2 இடம். ஆட்சி திமுகவுக்குப் போனது. சில வாரங்களிலேயே இரு அணிகளும் ஒன்றாகிப் பழைய சின்னமான இரட்டை இலையை மீட்டன. அந்த ஓராண்டு வசவால் யாருக்கு என்ன மிச்சம்?

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போட்டி இல்லாத கட்சி ஒருவர் வீட்டுச் சொத்தாகிவிடும். போட்டி முடிந்தபின் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 1954இல் காங்கிரஸுக்குள்ளேயே முதல்வர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து சி. சுப்பிரமணியம் நின்றார். காமராஜருக்கு 93 ஓட்டு, சுப்பிரமணியத்துக்கு 41. ஜெயித்தவர் தோற்றவரைக் கட்டம் கட்டவில்லை. சுப்பிரமணியத்தையும் அவர் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களின் திறமை அரசாங்கத்துக்குக் கிடைத்தது.

முதல் காரணமாகச் சொன்னேனே, வாயை மூடிக்கொண்டு கூட்டத்தோடு ஒத்துப்போகும் அந்தப் பழக்கத்தை 1972இல் இர்விங் ஜானிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் விரிவாக எழுதினார். அவர் சொன்ன மருந்துகளில் ஒன்று எளிது: ஒவ்வொரு கூட்டத்திலும் எதிர்க்கேள்வி கேட்பதையே வேலையாக ஒருவருக்குக் கொடுங்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூழ்கியவருக்கு மேலே தோணியில் கயிறு பிடிக்க ஆள் இருந்தது. கீழே போனவர் திரும்பி வர அந்த ஆள்தான் நம்பிக்கை. அணிக்குள் 'கொஞ்சம் பொறு' என்று சொல்கிறவரும் அந்தக் கயிற்றுக்காரர்தான். அவரைத் துரோகி என்று விரட்டிவிட்டால் யார் மேலே இழுப்பார்கள்?

ஆகவே தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எந்த அணியில் வேண்டுமானாலும் இருங்கள், உரக்கவே பேசுங்கள். ஆனால் எதிரணிக்காரரைப் பற்றி ஒரு செய்தியை அனுப்பும் முன், அதை அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போட்டி முடிந்த மறுநாள் அதே கொடியை அவரோடு சேர்ந்துதான் பிடிக்க வேண்டியிருக்கும்.