பழைய காரின் அடிவயிற்றுச் சத்தம்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நேரே எஞ்சினுக்குத்தான் போவார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்ரின் ஏ-40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய கதை அப்படி. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவானுக்கு ஓடும் காரில் எனக்கு அக்கறை அதன் அடிப்பக்கத்தில்.

எஞ்சின் முன்னால், இழுக்கும் சில்லுகள் பின்னால். கியர்பொக்ஸ் உடம்போடு பூட்டியிருக்கிறது. பின் அச்சோ வில்தகடுகளில் தொங்கி, ஒவ்வொரு குழிக்கும் ஏறி இறங்குகிறது. இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வழியே இல்லை. அதனால்தான் நடுவிலுள்ள சாஃப்ட்டின் இரு முனையிலும் யுனிவேர்சல் ஜொயின்ற். சிலுவை போன்ற சிறு துண்டு, அதன் நான்கு கைகளிலும் ஊசி போன்ற உருளைகள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சாய்ந்து சுழலும் ஜொயின்ற் சீராகச் சுழலாது. சாய்வு 10 பாகை என்றால், ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை 1.5 சதவீதம் விரைந்து, அதேயளவு பிந்தும். 30 பாகையில் அது சுமார் 15 சதவீதம். டொப் கியரில் சாஃப்ட் எஞ்சினின் வேகத்திலேயே சுற்றும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் செக்கனுக்கு 100 குலுக்கல். சாய்வு சில பாகைதான் என்றாலும் இருக்கைக்கடியில் உறுமல் கேட்கும். மற்ற முனை ஜொயின்ற் அதே சாய்வில், சாஃப்ட்டின் இரு முனைக் கவடுகளும் ஒரே தளத்தில் இருக்கப் பூட்டப்பட்டால், முதலாவதின் பிழையைத் தன் பிழையாலேயே அழித்துவிடும். மாற்றிப் பூட்டினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சாஃப்ட்டைக் கழற்றுமுன் அடையாளமிடுவது இதற்காகவே. சோக்கட்டிக் கோடு கிறீஸில் அழிந்துபோகும், அரத்தால் ஒரு கீறல் போடுவதே மேல்.

முற்காலக் கார்கள் இன்னும் மோசம்: சங்கிலியின் இரைச்சல், நேர்ப்பல் கியரின் ஊளை. 1913இல் பக்கார்ட் நிறுவனம் பின் அச்சுக்கு வளைபல் கியரைக் கொண்டுவந்தது. ஒரு சோடிப் பல் விலகுமுன் அடுத்த சோடி பிடித்துக்கொள்வதால் ஊளை தணிந்தது. 1920களில் சாஃப்ட்டுக்குத் துணி வட்டுகளையும் போட்டுப் பார்த்தார்கள். சத்தத்தை விழுங்கின, சாய்வு கூடியதும் கிழிந்தன.

தீவுப் பாதைக்கு உப்பும் சேர்கிறது. இருபுறமும் கடல். ஊசி உருளைகள் வறண்டு துருப்பிடித்தால், மெதுவாக ஓடும்போது முதலில் குருவிபோலக் கீச்சிடும்; பிறகு கிளச்சை விடும்போதெல்லாம் ‘டொக்’. சில்லுக்கு அணை வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாஃப்ட்டைக் கையால் முறுக்கினால் இடைவெளி விரலுக்கே தெரியும். தடித்த ஒயில் ஊற்றி இதை மறைக்க முடியாது.

குறிகட்டுவானில் தெரு முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். உள்ளே எஞ்சின் பூட்டிய படகில் குதிக்கும் அச்சு கிடையாது, ஆகவே சாஃப்ட் நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஆனால் கரையில் பார்த்த நேர் தண்ணீரில் அப்படியே இருக்காது, மர உடல் சற்றே வளைந்துகொடுக்கும். மிதக்கவிட்ட பிறகே இணைப்புத் தட்டுகளைப் பிரித்து, இடைவெளியைச் சுற்றிவரக் கேஜ் தகட்டால் அளக்க வேண்டும். மேலே இறுகி, கீழே தளர்வாக நுழைந்தால் எஞ்சினின் காலுக்கடியில் மெல்லிய தகடு செருகி, மறுபடி அளக்க வேண்டியதுதான்.