டிக்கட்டில் இல்லாத மணித்தியாலங்கள்

கொள்முதலுக்கு வெளிநாடு புறப்படும் வியாபாரி முதலில் டிக்கட்டின் விலையைப் பார்ப்பார். அடுத்ததாக விமானம் பறக்கும் நேரத்தைப் பார்ப்பார். இரண்டையும்விட முக்கியமானது, கடையைப் பூட்டியதிலிருந்து சந்தையில் சரக்கைத் தொட்டுப் பார்க்கும் வரை ஆகும் நேரம்.

யாழ்ப்பாணத்துத் துணி வியாபாரி ஒருவர் சென்னைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கொழும்பு வழியாகப் போனால், தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பஸ்ஸில் ஓர் இரவு. கட்டுநாயக்கவில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். அங்கிருந்து சென்னை சுமார் 645 கிலோமீற்றர். பறப்பது ஒன்றேகால் மணித்தியாலம்தான். பயணமோ பதின்மூன்று மணித்தியாலத்தைத் தாண்டும்.

பலாலியிலிருந்து சென்னை, நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர்தான். சிறிய விமானம் என்பதால் பறக்கும் நேரம் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் வீட்டிலிருந்து கணக்கிட்டால் ஐந்து மணித்தியாலம் போதும். மிச்சம் ஒரு முழு வியாபார நாள். பஸ் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றையும் கழித்துப் பார்த்த பிறகே எந்த டிக்கட் மலிவு என்று சொல்ல வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபில் கஸ்ர் தொழுகைக்குத் தூரமே கணக்கு. எவ்வளவு விரைவாகப் போய்ச் சேர்ந்தாலும் சலுகை உண்டு. வியாபாரத்தில் நேரமே கணக்கு. அந்த நேரமோ பாதை திறந்திருப்பதைப் பொறுத்தது.

1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னை சென்றது. பிறகு அந்தச் சேவை நின்றது. போரில் பலாலி இராணுவத் தளமானது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. 2025 மார்ச்சில் திருச்சிச் சேவையும் சேர்ந்தது.

பலாலியை அடுத்த மயிலிட்டி மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1990 ஜூனில் இடம்பெயர்ந்தவர்களில் பலர், சில கிலோமீற்றர் தூரத்து முகாம்களில் இருந்தபடியே தமது துறைமுகத்துக்காகக் காத்திருந்தார்கள். அது விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். சில கிலோமீற்றரைக் கடக்க 27 ஆண்டுகள்! அதே 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போகப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கடைகளும் சரக்குகளும் அங்கேயே கிடந்தன.

ஆகவே, குறுகிய வழி திறந்திருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பிக் கடன் வாங்காதீர்கள், தவணை கொடுக்காதீர்கள். கொழும்புத் தொடர்பையும் கைவிடாதீர்கள். சிறிய விமானத்தில் சரக்கு அதிகம் ஏறாது. ஒரு நாள் விமானம் ரத்தானாலும் பெருநாள் வியாபாரம் தவறிவிடக்கூடாது. வல்ல நாயன் நமது பயணங்களிலும் தொழில்களிலும் பரக்கத் செய்வானாக!