வாசனையால் கதை சொல்பவர்

ஒரு மணம் மூக்கை எட்டியதும், என்றோ மறைந்துபோன பாட்டியின் முகம் நினைவுக்கு வருகிறது. மழை பெய்த மண், சாம்பிராணிப் புகை, புதுப் புத்தகம் என ஒவ்வொரு வாசனையும் பழைய நாள் ஒன்றைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. இது எப்படி நிகழ்கிறது?

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையில் 'தலாமஸ்' என்ற இடைநிலையத்தைக் கடந்தே மற்றப் பகுதிகளுக்குச் செல்கின்றன. மணமோ அங்கே காத்திராமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை விரைவாகச் சென்றடைகிறது. 2020இல் பரவிய கோவிட்-19 தொற்றால் மோப்ப சக்தியை இழந்த பலர், உணவின் சுவையோடு தம் குழந்தையின் வாசனையையும் இழந்து தவித்தனர். மூக்கின் அருமை அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

நாவலில் தொடங்கிய பயணம்

இந்த நினைவுகளையே தம் கலைக்கு மூலதனமாக்கியவர், அமெரிக்காவின் பெர்க்லி நகரைச் சேர்ந்த மேண்டி ஆஃப்டெல். மனநல ஆலோசகராக இருந்தபோது, பலர் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்வதை அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டவர். பிறகு நாவல் ஒன்று எழுத விரும்பினார். அதன் முக்கியப் பாத்திரம் வாசனைத் திரவியம் தயாரிப்பவர் என்பதால், பழைய நூல்களைத் தேடிப் படித்தார், வகுப்பிலும் சேர்ந்தார். நாவலைவிட நறுமணமே அவரை ஈர்த்துக்கொண்டது. 2001இல் 'எசன்ஸ் அண்ட் ஆல்கெமி' என்ற நூலை வெளியிட்டார்.

முடிவை முதலில் எழுதுதல்

வாசனைத் திரவியத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. எலுமிச்சை போன்ற இலேசான மணங்கள் முதலில் எழுந்து விரைவில் ஆவியாகிவிடும். ரோஜாவும் மல்லிகையும் நடுவில் வரும். சந்தனமும் வெட்டிவேரும் கடைசிவரை தோலில் தங்கும். கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு இருப்பதைப் போன்றதே இது. ஆனால் ஆஃப்டெல் முதலில் அடித்தளத்தை அமைக்கிறார். முடிவைத் தீர்மானித்த பிறகே தொடக்கத்துக்கு வருகிறார்.

இனிமை மட்டும் இருந்தால் கதை சுவைக்காது. மல்லிகையில் 'இண்டோல்' என்ற பொருள் உள்ளது. மலத்திலும் அது உண்டு! ஆனால் அதை நீக்கிவிட்டால் பூவின் உயிர்ப்பே போய்விடும். தமிழ்நாட்டு மல்லிகையின் சாரமும் இப்படித்தான் உலகத் திரவியத் தொழிலில் இடம்பெறுகிறது.

இழப்பும் உண்டு

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் செயற்கை மணப்பொருள்களைச் சேர்க்கின்றன. அதனால் ஒவ்வொரு புட்டியும் ஒரே மாதிரி இருக்கும், மணமும் நீடிக்கும். ஆஃப்டெல் இயற்கைப் பொருள்களை மட்டுமே பயன்படுத்துகிறார். அவருடைய மணம் சீக்கிரம் கலைந்துவிடும். அறுவடைக்கு அறுவடை மாறுபடும். இயற்கைப் பொருள் என்பதால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்லிவிட முடியாது.

மணத்தைப் புகைப்படம் எடுத்து வைக்க முடியாது. மைசூர்ச் சந்தன மரங்கள் அருகியபோது, அந்த மணமும் அரிதாகிவிட்டது. 2017இல் ஆஃப்டெல் தம் வீட்டை ஒட்டி ஒரு சிறு மண அருங்காட்சியகத்தைத் திறந்தார். திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் மீனம்பர் முதல் பழங்காலப் பிசின்கள் வரை அங்கே வைத்தார். வருவோரை முகர்ந்து பார்க்கவும் அனுமதித்தார்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளைக் கண்மூடி முகரச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் அந்த மணம் எதை நினைவூட்டுகிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்ல மறந்த குடும்பக் கதை ஒன்று வெளிவரக்கூடும்.